உதவி தேவை: வாங்கி ஐந்து மாதத்தில் படகின் பற்றரி படுத்துவிட்டது

வாவிக்கரை:
அனைவருக்கும் வணக்கம். ஆவணியில் புதிதாக வாங்கிய பற்றரி இப்போது முற்றாகப் படுத்துவிட்டது. சாவியைத் திருகினால் 'டிக்' என்ற ஒலி மட்டுமே வருகிறது. விற்ற கடைக்காரர் படகில் பூட்டிய பற்றரிக்கு உத்தரவாதம் செல்லாது என்று கைவிரித்துவிட்டார். பொங்கல் விடுமுறைக்கு வரும் உறவினரை வாவியில் ஏற்றிச் செல்வதாக வாக்குக் கொடுத்திருக்கிறேன். எந்தப் பற்றரி வாங்கினால் நீடிக்கும் என்று தயவுசெய்து விரைவாகச் சொல்லுங்கள்.

தோணாக்கரை:
தம்பி, எத்தனை குதிரைவலு எஞ்சின், பற்றரி எத்தனை அம்பியர், மூடி திறந்து தண்ணீர் விடும் வகையா அடைத்த வகையா என்று எதையுமே நீங்கள் எழுதவில்லை. மல்டிமீற்றர் இருந்தால் முனைகளில் எத்தனை வோல்ற் காட்டுகிறது என்றும் பார்த்துச் சொல்லுங்கள்.

பழைய பட்டறை:
அளந்து பாராமல் அடுத்த பற்றரியை வாங்க ஓடுவதே இங்கு வரும் பலருடைய வழக்கமாகிவிட்டது. முப்பது வருடமாக இந்தத் தொழிலில் இருப்பவன் சொல்கிறேன்: பற்றரி தானாகச் சாவது குறைவு, வைத்திருப்பவர்கள் சாகடிப்பதே அதிகம். முதலில் அடிப்படையைப் படித்துவிட்டு வந்து கேளுங்கள்.

வாவிக்கரை:
மன்னிக்கவும், அவசரத்தில் எழுதிவிட்டேன். 18 அடி பைபர் படகு, 40 குதிரைவலு வெளியிணைப்பு எஞ்சின், 70 அம்பியர்-மணிப் பற்றரி, தண்ணீர் விடும் வகை. மட்டக்களப்பு வாவியில், கல்லடியில் கட்டியிருக்கிறேன். கார்த்திகை மழை தொடங்கியதிலிருந்து ஏறத்தாழ ஆறு வாரம் படகை எடுக்கவில்லை. மீற்றர் 11.3 காட்டுகிறது. இரண்டு விளக்குகளும் ஒரு பாட்டுப்பெட்டியும் தவிர வேறு எதுவும் பூட்டவில்லை.

பொத்துவில் ஓடம்:
எனக்கு இதே 'டிக்' ஒலி வந்தபோது குற்றம் பற்றரியில் இருக்கவில்லை, வயரில் இருந்தது. முனையில் பூத்திருந்த பச்சைத் தூளைச் சுரண்டிவிட்டுத் தீர்ந்தது என்று இருந்தேன். பிறகு வயரின் தோலை நான்கு விரலளவு கீறிப் பார்த்தபோது உள்ளே செம்பு இழைகள் கரிபோலக் கறுத்து, விரலால் தேய்க்க உதிர்ந்தன. உப்புநீர் தோலுக்குள்ளால் ஊர்ந்து வெகுதூரம் போய்விடும். வெள்ளீயம் பூசிய செம்பு வயராக மாற்றுங்கள்.

தோணாக்கரை:
வயரும் கெட்டிருக்கலாம், ஆனால் எதையும் இயக்காமல் வைத்திருக்கும்போதே 11.3 என்றால் அந்தப் பற்றரி அனேகமாக வெறுமையாகிவிட்டது. நிறைந்த பற்றரி ஓய்வில் 12.6 அல்லது 12.7 காட்டும், 12.2 என்றால் பாதி, 11.8 என்றால் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

மீன்பாடும் இரவு:
என் ஊகம் வேறு. நிலாக் காலத்தில் கல்லடிப் பாலத்தடியில் எஞ்சினை நிறுத்திவிட்டு, வாவிக்குள்ளிருந்து எழும் மீன்பாடும் ஒலியைக் கேட்கவென்று விளக்கோடு மணிக்கணக்கில் இருப்பவர்கள் நம்மில் பலர். திரும்பும்போது மெதுவாகவே ஓட்டுகிறோம், குறைந்த வேகத்தில் இந்த எஞ்சின்கள் பற்றரிக்குக் கொடுக்கும் மின்னோட்டமும் மிகக் குறைவு. எடுத்தது அதிகம், திரும்பச் சேர்ந்தது கொஞ்சம் என்று ஒவ்வொரு பயணமும் பற்றரியைச் சிறிது சிறிதாக இறக்கிவிடும்.

பழைய பட்டறை:
இதெல்லாம் இருக்கட்டும். கழற்றிய பற்றரியை வீட்டில் எங்கே வைத்தீர்கள்? சீமெந்துத் தரையில் வைத்தால் மின் தரைக்குள் இறங்கிவிடும், எப்போதும் பலகை போட்டே வைக்க வேண்டும்.

மின்னியல் மாணவன்:
ஐயா, தங்கள் அனுபவத்தை மதிக்கிறேன், ஆனால் இதை ஏற்க முடியவில்லை. முற்காலத்தில் பற்றரிப் பெட்டியை மரத்தாலும் இறப்பராலும் செய்தார்கள். ஈரம் ஊறிய பெட்டியின் வழியே மின் கசிந்தது உண்மை. இன்றைய பிளாஸ்ரிக் பெட்டியின் வழியே அது கசியாது. அதே பற்றரியைப் பலகையில் வைத்தாலும் தானாக இறங்கவே செய்யும். நம் வெக்கையில் அது இன்னும் விரைவாக நடக்கும்.

பழைய பட்டறை:
பட்டறையில் என் கண்ணால் கண்டதை நீங்கள் புத்தகத்தை வைத்துப் பொய்யாக்க வேண்டாம். தரையில் வைத்தவை செத்தன, பலகையில் வைத்தவை பிழைத்தன.

மின்னியல் மாணவன்:
பலகையில் வைக்கும் கவனமுடையவர் மாதமொருமுறை சார்ஜும் ஏற்றியிருப்பார். அதனால்தான் அவை பிழைத்தன என்பது என் எண்ணம்.

பொத்துவில் ஓடம்:
மேல்மூடியில் படியும் உப்பையும் அசிட் ஈரத்தையும் இருவரும் மறக்கிறீர்கள். இரு முனைகளுக்கும் நடுவே அந்த ஈரப்படலத்தின் வழியாகவே மின் மெல்ல ஓடும். அப்பச்சோடா கரைத்த நீரால் மூடியைத் துடையுங்கள், கரைசல் அறைகளுக்குள் மட்டும் இறங்கக்கூடாது.

தோணாக்கரை:
தரையை விடுங்கள். தம்பி, ஒன்று கேட்கிறேன். ஆறு வாரம் மாரி மழையில் படகு திறந்தபடி கிடந்தது, ஆனாலும் தாழவில்லை. உள்ளே சேர்ந்த நீரை இறைத்தது யார்?

அடியில் தானியங்கிப் பம் இருக்கிறதா? அது நேரே பற்றரியில் இணைந்திருந்தால், பிரதான சுவிச்சை நிறுத்தினாலும் ஓடிக்கொண்டே இருக்கும். மூன்று அம்பியர் இழுக்கும் பம் இடைவிடாமல் ஓடினால் உங்கள் 70 அம்பியர்-மணி ஒரு நாளைக்குள் தீர்ந்துவிடும். நீர் ஏறும்போது மிதந்து பம்மை ஓடவைக்கும் மிதவை சுவிச்சைக் கையால் தூக்கிவிட்டு, அது தானாகக் கீழே விழுகிறதா என்று பாருங்கள்.

பற்றரியைக் கழற்றும்போது கழித்தல் முனையை முதலில் கழற்றுங்கள், பூட்டும்போது அதையே கடைசியாகப் பூட்டுங்கள். காற்றோட்டமான இடத்தில் வைத்து, ஏழு அம்பியருக்கு மேற்போகாமல் மெதுவாக ஏற்றி, ஒரு இரவு ஓய்வு கொடுத்து, அசிட்டின் அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீற்றரால் ஆறு அறைகளையும் தனித்தனியே பாருங்கள். நன்றாக ஏறியிருந்தால் 1.265 அளவில் நிற்கும். ஒரே ஒரு அறை மட்டும் மற்றவற்றை விட 0.050 குறைந்தால் அந்தப் பற்றரியை இனி நம்ப முடியாது. தண்ணீர் குறைந்திருந்தால் கடையில் விற்கும் பற்றரித் தண்ணீரையே விடுங்கள். கல்லடி, நாவலடிப் பக்கம் பல கிணறுகளில் உப்புண்டு, அது தகடுகளைத் தின்றுவிடும்.

வாவிக்கரை:
பம் இருக்கிறது, அண்ணன். அது தன்பாட்டில் ஓடுவதால் எழுதவே தோன்றவில்லை. இன்று போய்ப் பார்த்தேன். நங்கூரக் கயிற்றின் நுனி மிதவைக்குக் கீழே சிக்கி, அதைத் தூக்கியபடியே வைத்திருந்தது. சார்ஜ் ஏற்றிவிட்டு எழுதுகிறேன்.

பழைய பட்டறை:
கயிற்றைச் சுருட்டி வைக்காததன் விலை இது. இருந்தாலும் சீமெந்தைப் பற்றிச் சொன்னதை நான் மாற்றிக்கொள்ள மாட்டேன்.

வாவிக்கரை:
ஐந்து அறைகள் 1.240ஐத் தாண்டின, மூன்றாவது அறை 1.150ஐத் தாண்டவில்லை. இன்று காலை வேறு பற்றரி வாங்கிப் பூட்டினேன், முதல் திருகிலேயே எஞ்சின் எழுந்தது. அனைவருக்கும் நன்றி. உறவினர் வந்துவிட்டார்கள், புறப்படுகிறேன்.

தோணாக்கரை:
மகிழ்ச்சி, தம்பி. பம்முக்குப் போகும் வயரைப் பற்றரியிலிருந்து கழற்றிவிடாதீர்கள், அடுத்த மழையில் படகு தாழ்ந்துவிடும். மேலே தரப்பாள் கட்டி, மிதவைக்குச் சிறு கூடு போட்டால் போதும். அந்த வயரில் பியூஸ் இருக்கிறதா, எத்தனை அம்பியர் என்று வந்ததும் எழுதுங்கள்.