200-க்கு 112: பாதிக்கு மேல் பூட்டிய வீடா?

தேவகோட்டையான்: நேத்து இங்கே ஒருத்தர் போட்ட கணக்கு: காரைக்குடி சுத்துவட்டாரத்தில் 200 வீடு பார்த்து 112 பூட்டிக் கிடந்தால், செட்டிநாட்டில் பாதிக்கு மேல் பூட்டிய வீடு என்று நிரூபணமாம். ஆகாது. 0.56 × 0.44-ஐ 200-ஆல் வகுத்து வர்க்கமூலம் எடுங்க: திட்டப் பிழை (மாதிரிக்கு மாதிரி விகிதம் ஆடும் அளவு) 0.0351. 95 சதவீத நம்பிக்கைக்கு 1.96-ஆல் பெருக்கினால் 6.9 சதவீதம். இடைவெளி 49.1 முதல் 62.9 வரை. 50 உள்ளேயே இருக்கு.

கொப்பனாபட்டி: ‘ஒருத்தர்’ நான்தான், பேரைச் சொல்லியே கேக்கலாம். கேள்வி ‘பாதிக்கு மேலா’. அதுக்கு ஒன்-டெயில், ஒரு பக்கம் மட்டும் பார்க்கும் சோதனை. கருதுகோள் 0.5, அதனால் திட்டப் பிழையிலும் 0.5தான் போடணும்: 0.0354. இசட், அதாவது 0.5-லிருந்து எத்தனை திட்டப் பிழை தள்ளி இருக்குன்னா, 1.70. ஒன்-டெயிலுக்கு 5 சதவீத எல்லை 1.645. தாண்டியாச்சு.

தேவகோட்டையான்: 112-ஐப் பார்த்த பிறகு எடுத்த ஒன்-டெயில். ரெண்டு பக்கமும் பார்க்கும் டூ-டெயிலில் பி வேல்யூ (உண்மையில் சரிபாதியா இருந்தாலும் இவ்வளவு விலக வாய்ப்பு) 0.09, 0.05-க்கு மேலே. 88 வந்திருந்தா ‘பாதிக்குக் குறைவு’ன்னு திருப்பியிருப்பீங்க.

கொப்பனாபட்டி: கேள்வி முதல் வரியிலேயே இருக்கு. படிச்சுட்டு வாங்க. 1.70.

வளவு: அண்ணே, அந்த 200 வந்த வழியைப் பாருங்க. 10 தெரு, தெருவுக்கு 20 வீடு. பங்காளிகள் அடுத்தடுத்த வீடு; போனால் சேர்ந்து போயிருப்பாங்க. பூட்டு கூட்டமாத்தான் வரும். ஒரு தெருவுக்குள் ஒட்டுறவு (அந்தத் தெரு வீடுகள் ஒன்றுபோல இருக்கும் அளவு) 0.1 என்றால் திட்டப் பிழையின் வர்க்கம் 1 + 19 × 0.1 = 2.9 மடங்கு ஆகும். உங்க 200, வெறும் 69-க்குச் சமம். இசட் 1.0.

கொப்பனாபட்டி: 0.1 யார் கொடுத்தது ஆச்சி?

வளவு: 0.01 போடுங்க. 1.19 வரும், இசட் 1.56. அதுவும் 1.645-க்குக் கீழேதான். அடுத்து வீட்டுப் பட்டியல். முகப்பு ஒரு தெருவில், பின்கட்டு வாசல் அடுத்த தெருவில். நடந்து எண்ணினால் ஒரே வீடு ரெண்டு தடவை விழும், பின்வாசல் பெரும்பாலும் சாத்தித்தான் கிடக்கும். வீட்டுவரிப் பதிவேட்டில் எண் போட்டுக் குலுக்கி எடுக்கணும். பூட்டியிருந்தா பக்கத்து வீட்டுக்குப் போறதும் தப்பு. எண்ண வந்ததே பூட்டை! மாத்தினா விகிதம் குறைஞ்சுதான் காட்டும்.

கொப்பனாபட்டி: அப்போ 112-ஏ குறைச்சல். 1.70 இன்னும் ஏறும். நன்றி.

வளவு: பின்வாசலை விட்டுட்டு இதை மட்டும் எடுத்துக்கிட்டீங்க.

தேவகோட்டையான்: செட்டிநாட்டுக்கு ஒரு காலத்தில் 96 ஊருன்னு பெருமை பேசிட்டு, இந்த 200 வீட்டுக் கணக்கில் தேவகோட்டையை விட்டது ஏன்?

கொப்பனாபட்டி: போன தடவையும் இதே தேவகோட்டைப் புலம்பல். கொப்பனாபட்டியும்தான் அதில் இல்லை, நான் கேட்டேனா?

வளவு: ஊர்ச் சண்டையை விடுங்க. கூட்ட வேண்டியது தெருவை. 40 தெரு, தெருவுக்கு 5 வீடு. அதே 200-தான், 0.1 இருந்தாலும் 2.9 போய் 1.4 ஆகும்.

தேவகோட்டையான்: அப்பவும் டூ-டெயில்தான்.

கொப்பனாபட்டி: ஒன்-டெயில். 1.70.