ஈ.ஐ. தோலில் நேவி ப்ளூ அடித்தால் பச்சையடிக்கிறது, என்ன செய்யலாம்?

வார்ப்பட்டை: பெல்ட், பர்ஸ் செய்ய ஃபினிஷ் (மேல்பூச்சு) போடாத ஈ.ஐ. (ஈஸ்ட் இந்தியா, மரப்பட்டை போட்டுப் பதனிட்ட) மாட்டுத் தோல். சாயம் ஸ்பிரிட் (ஆல்கஹாலில் கரைத்த) வகை, கம்பளி டாபரால் (சாயம் தொட்டுப் பூசும் பஞ்சுருண்டை) நேராக பாட்டிலிலிருந்து தொட்டுப் பூசுகிறேன். நீலம் பச்சை கலந்த சாம்பலாக வருகிறது. பிரவுன் திட்டுத் திட்டாக நிற்கிறது. கறுப்பு காய்ந்த பிறகும் சட்டையில் ஒட்டுகிறது. சாயத்தை மாற்ற வேண்டுமா?

கடுக்காய்த்தண்ணி: சாயத்தை மாற்ற வேண்டாம். ஸ்பிரிட் சாயம் ஒளி ஊடுருவக்கூடியது, பெயின்ட் மாதிரி அடியில் இருப்பதை மறைக்காது. ஆவாரம்பட்டையும் வாட்டில் பட்டையும் போட்டுப் பதனிட்ட தோலுக்கு மஞ்சள் கலந்த பழுப்பு நிறம். அதன் மேல் நீலம் ஏறினால் பச்சை அடிக்கத்தான் செய்யும். மஞ்சளை அடக்குவது ஊதா. 10 மி.லி. நீலத்துக்கு 1 மி.லி. ஊதாவில் ஆரம்பித்து, அதே தோலின் வெட்டுத்துண்டில் பார்த்துப் பார்த்துக் கூட்டுங்கள். ஆகாய நீலம், ரோஸ் எல்லாம் இந்தத் தோலில் சாயத்தால் வராது. அதற்கு அடி நிறத்தை மறைக்கும் பிக்மென்ட் பெயின்ட்தான்.

வெட்டுத்துண்டைச் சாயம் ஈரமாக இருக்கும்போது பார்த்து முடிவெடுக்காதீர்கள். காய்ந்தால் வெளுக்கும், எண்ணெயும் ஃபினிஷும் போட்டால் திரும்பக் கறுக்கும். மூன்றையும் முடித்து, பகல் வெளிச்சத்தில் பாருங்கள். இன்னொன்று: பட்டைத் தோல் வெயில் பட்டால் நாளாக ஆகச் சிவக்கும். பதனிடும்போது கடைசியில் கடுக்காய் கொடுப்பது இதைக் குறைக்கத்தான். வெளிர் நிறங்களில் இந்த மாற்றம் பளிச்சென்று தெரியும்.

ஓரம்தேய்: திட்டு விழுவதற்குக் காரணம் நீங்களே எழுதியிருக்கிறீர்கள்: "நேராக பாட்டிலிலிருந்து". கெட்டிச் சாயம் டாபர் முதலில் பட்ட இடத்திலேயே பிடித்துக்கொள்ளும். 1 பங்கு சாயத்துக்கு 4 பங்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் (அல்லது அந்தச் சாயத்துக்கே உரிய தின்னர்) கலந்து, மூன்று நான்கு கோட். முதல் கோட் வட்டமாக, அடுத்தது நீளவாக்கில், அதற்கடுத்தது குறுக்கே. கோட்டுக்குக் கோட் 15 நிமிடம் விடுங்கள்.

அதற்கு முன்னால் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். உடனே உறிஞ்சிக் கறுத்தால் சரி. முத்தாக நின்றால் எண்ணெயோ மெழுகோ கோந்தோ இருக்கிறது. ஆல்கஹால் நனைத்த துணியால் துடைத்தால் பெரும்பாலும் போகும். காய்ந்த கோந்து மட்டும் போகாது, ஆகவே சாயம் முதலில், ஒட்டுவது பிறகு. வயிற்றுப் பக்கத் தோல் முதுகுப் பக்கத்தைவிட அதிகம் குடிக்கும். ஒரே பெல்ட்டுக்கு இரண்டையும் கலக்காதீர்கள்.

கடுக்காய்த்தண்ணி: கறுப்பு ஒட்டுவது மேலே தங்கிய உபரிச் சாயம். செம்பு நிறத்தில் ஒரு மினுக்கு தெரிந்தால் அதுவேதான். 24 மணி நேரம் காயவிட்டு, வெள்ளைப் பருத்தித் துணியில் கறை வராதவரை தேய்த்தெடுங்கள். பிறகு அக்ரிலிக் ஃபினிஷில் பாதிக்குப் பாதி தண்ணீர் கலந்து ஸ்பாஞ்சால் மெல்லிசாக இரண்டு கோட். அழுத்தித் தேய்த்தால் சாயம் மறுபடி கிளம்பும். அடிக்கோட்டாக நீலம் போட்டு மேலே கறுப்பு போட்டால் கறுப்புச் சாயமும் குறைவாகவே செலவாகும்.

அன்னபேதி: கறுப்புக்குச் சாயமே வேண்டாம், பட்டைத் தோல்தானே. சோப்பு போட்டு எண்ணெய் போக்கிய ஸ்டீல் வுல்லை 1 லிட்டர் வெள்ளை வினிகரில் ஒரு வாரம் ஊறவிடுங்கள். வாயு வெளியேற வேண்டும், மூடியை இறுக்காதீர்கள். வடிகட்டிப் பூசினால் இரும்பும் டானினும் (பட்டையிலிருந்து தோலில் ஏறிய துவர்ப்புப் பொருள்) சேர்ந்து அரை மணிக்குள் கறுக்கும். சாம்பலாக நின்றால் டானின் போதவில்லை என்று அர்த்தம்: கடுக்காய்க் கஷாயம் பூசிவிட்டு மறுபடி போடுங்கள். கறுத்ததும் 1 லிட்டர் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா கலந்து கழுவி, நல்ல தண்ணீரில் அலசி, லேசான ஈரத்திலேயே எண்ணெய் கொடுங்கள். சோடாவைத் தவிர்த்தால் மிஞ்சிய அமிலமும் இரும்பும் காலப்போக்கில் தோலை இற்றுப்போகச் செய்யும். குரோம் தோலில் (பட்டைக்குப் பதில் குரோமிய உப்பால் பதனிட்டது) இந்த வேலை நடக்காது.

வார்ப்பட்டை: நன்றி. ஈரத் தோலில் அங்கங்கே கறுப்புப் புள்ளி விழுவதும் இதனால்தானா?

அன்னபேதி: ஆமாம், இரும்புத் தூள். அரம் தேய்க்கும் மேசையில் ஈரத் தோலை வைக்காதீர்கள். சின்னப் புள்ளியென்றால் எலுமிச்சைச் சாறு தொட்டுத் துடைத்தால் போகும், ஆனால் சாயத்துக்கு முன்பே செய்துவிடுங்கள்.