டிரிப் காபி மேக்கர்: உப்புக் கறை வேறு, எண்ணெய்க் கறை வேறு

காபி இறங்க வழக்கத்தைவிட நேரம் பிடிக்கிறது, ஆவியும் கடகட சத்தமும் கூடுகிறது, டேங்கில் தண்ணீர் மிச்சம் நிற்கிறது என்றால் ஹீட்டர் குழாயில் உப்பு படிந்திருக்கிறது. தண்ணீரில் கரைந்துள்ள கால்சியம் பைகார்பனேட் சூடேறியதும் கார்பனேட்டாகி, சூடு அதிகமுள்ள இடத்தில் ஒட்டிக்கொள்ளும். அதனால் டேங்க் பளிச்சென்று இருந்தாலும் நம்பாதீர்கள்.

1 லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீருக்கு 20 கிராம் சிட்ரிக் ஆசிட் போதும். நன்றாகக் கரைத்தே ஊற்றுங்கள். டேங்குக்குள் கரி ஃபில்டர் இருந்தால் முதலில் கழற்றிவிடுங்கள். காபித் தூள் போடும் கூடையில் பேப்பர் ஃபில்டர் போட்டால் பெயர்ந்து வரும் செதில்கள் அதில் நின்றுவிடும். பாதி இறங்கியதும் சுவிட்சை அணைத்து 30 நிமிடம் ஊறவிடுங்கள். உப்பு கரைவது இந்த ஊறலில்தான். ஒரே மூச்சில் ஓட்டினால் ஆசிட் குழாயில் தங்கவே தங்காது. மீதியையும் ஓட்டிவிட்டு, வெறும் தண்ணீர் 2 டேங்க். கடைசித் தண்ணீரில் புளிப்பு தெரிந்தால் இன்னும் ஒன்று.

*

ஆசிட் அளவில் ஒரு எச்சரிக்கை. சீக்கிரம் போகட்டும் என்று அள்ளிப் போட்டால், கொதிக்கிற சூட்டில் கால்சியம் சிட்ரேட் என்ற வேறொரு வெள்ளைப் படிவு உண்டாகலாம். அதுவும் லேசில் போகாது. படிவு தடிமனாக இருந்தால் இதே அளவில் இரண்டு முறை செய்வதே நல்லது.

வினிகரும் தண்ணீரும் சரிபாதி கலந்தாலும் வேலை நடக்கும். ஆனால் வாடை போக நிறைய அலச வேண்டும், ரப்பர் வாஷர்களுக்கும் நல்லதில்லை. உள்ளே அலுமினியம் உள்ள எஸ்பிரெசோ மெஷின் என்றால் தயாரிப்பாளர் சொல்லும் திரவம் மட்டும். ஆசிடோடு ப்ளீச்சைக் கலக்கவே கூடாது. குளோரின் வாயு வரும்.

*

உப்பை எடுத்த பிறகும் காபியில் சிக்கு வாடை அடித்தால் அது எண்ணெய்க் கறை. கூடையின் உட்புறத்தை விரலால் தேய்த்துப் பாருங்கள், பழுப்பாக வழவழவென்று வரும். ஆசிடுக்கு இது அசையாது. அரை லிட்டர் சுடுதண்ணீரில் 1 டேபிள்ஸ்பூன் சமையல் சோடா கரைத்து, கூடையையும் கண்ணாடி ஜக்கையும் அரை மணி நேரம் ஊறவைத்து பிரஷ் போடுங்கள். கூடைக்கு அடியில், ஜக்கை எடுத்தால் சொட்டை நிறுத்தும் சிறிய வால்வு இருக்கும். அதை விரலால் அமுக்கிப் பிடித்து உள்ளேயும் தேய்க்க வேண்டும். தூள் அடைத்தால் கூடை நிரம்பி வழிவது அங்கேதான். சோடாவையும் ஆசிடையும் ஒன்றாகக் கலந்தால் ஒன்றை ஒன்று முறித்துவிடும், நுரைதான் மிச்சம்.

*

சுத்தம் செய்த பிறகு முன்பைவிட மோசமாக ஓடுகிறதா? பெயர்ந்த செதில் எங்கோ சிக்கியிருக்கிறது. தண்ணீர் மேலே ஏறாமல் டேங்குக்கே குமிழியிட்டுத் திரும்பினால், டேங்க் அடியில் இருக்கும் ஒருவழி வால்வைப் பாருங்கள். தூள்மேல் தண்ணீர் ஒரே பக்கம் கொட்டினால், மேலே உள்ள துளைகளைப் பல்குச்சியால் குத்திவிடுங்கள்.

இன்னொன்று, பல மெஷின்களில் 'டீஸ்கேல்' (உப்பு எடுக்கச் சொல்லும்) விளக்கு படிவை அளப்பதில்லை, ஓடிய தண்ணீரைத்தான் கணக்கிடுகிறது. டீஸ்கேல் புரோகிராமை இடையில் நிறுத்தினால், குழாய் சுத்தமாகவே இருந்தாலும் விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். அலசல் முடியும்வரை ஓடவிடுங்கள்.