சான் ஸ்டார்ம்: பட்டன் இருக்கிறது, பிடிப்பு இல்லை. எந்த டயர் போடலாம்?

பட்டறைக்காரர் மகள், தண்டையார்பேட்டை

வணக்கம். அப்பாவின் சான் ஸ்டார்முக்கு நான்கு டயரும் மாற்ற வேண்டும். எந்த சைஸ், எந்த மாதிரி டயர் என்று இரண்டு வாரமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறேன்.

வண்டியைத் தெரியாதவர்களுக்காக: கோவாவில் தயாரான இரண்டு சீட் கார். ஃபைபர் பாடி. உள்ளே ரெனோவின் 1149 சிசி பெட்ரோல் எஞ்சின், 60 குதிரைத்திறன். காகிதத்தில் பார்த்தால் சாதாரணமாகத்தான் தெரியும். ஆனால் வண்டி அவ்வளவு லேசு என்பதால் அந்த அறுபதே தாராளம்.

அப்பா செங்குன்றத்தில் வளர்ந்தவர். சோழவரத்துப் பழைய விமான ஓடுதளத்தில் ரேஸ் நடந்த காலத்தில் சைக்கிள் மிதித்துப் போய் ஓரமாக நின்று பார்த்தவர். ரேஸ் இருங்காட்டுக்கோட்டைக்குப் போன பிறகும் எங்கள் வீட்டில் சோழவரப் பேச்சு ஓயவில்லை. 2009இல் இந்த வண்டி விலைக்கு வருகிறது என்று கேள்விப்பட்டதும், இரண்டாவது லேத் வாங்க வைத்திருந்த பணத்தைக் கொடுத்து வாங்கிவிட்டார். அவர் போய் மூன்று வருடம் ஆகிறது. இப்போது ஞாயிற்றுக்கிழமை காலையில் நான்தான் எடுக்கிறேன். எண்ணூர் விரைவுச் சாலையில் எண்ணூர் வரைக்கும், சில நாள் பழவேற்காடு வரைக்கும். மாதத்துக்கு 200 கி.மீ. தாண்டாது.

போன நவம்பரில் ஒரு காலை, மழை விட்டு வெறும் தூறல். திருவொற்றியூர் தாண்டியதும் முன்னால் போன கன்டெய்னர் லாரி பிரேக் போட்டது. நான் 40, 45இல்தான் வந்துகொண்டிருந்தேன். பிரேக்கை மிதித்ததும் சக்கரம் நின்றது, வண்டி நிற்கவில்லை. ஸ்டீயரிங்கை இடது பக்கம் ஒடித்தேன், அதுபாட்டுக்கு நேராகவே போனது. காலை எடுத்து மறுபடி மிதித்த பிறகுதான் பிடித்தது. லாரிக்கும் எனக்கும் நடுவில் ஒரு முழம் இருந்திருக்கும். அதன் மண்தடுப்பு ரப்பரிலிருந்து தண்ணீர் என் பானட்டில் சொட்டிக்கொண்டிருந்தது.

எனக்குப் புரியாதது இதுதான். டயர் மொட்டை இல்லை. வெர்னியரின் டெப்த் ராடை விட்டு அளந்தேன், நான்கிலும் ரோட்டில் படுகிற ரப்பர் கட்டம், அதாவது பட்டன், 5.5 மில்லிக்குக் குறையாமல் இருக்கிறது. அப்புறம் ஏன் வழுக்கியது?

இப்போது இருப்பது 185/60 R14, அலாய் ரிம். (அகலம் 185 மில்லி, சைடு வால் என்கிற பக்கச் சுவரின் உயரம் அதில் 60 சதவீதம், ரிம் 14 அங்குலம். மற்ற சைஸ்களையும் இப்படியே படியுங்கள்.) எங்களுக்கு முன்னால் வைத்திருந்தவர் மாற்றியது. வண்டியோடு நான்கு 13 அங்குல இரும்பு ரிம்மையும் சாக்கில் கட்டிக் கொடுத்தார். 175/70 R13 மொட்டை டயரோடு பட்டறைப் பரணில் கிடக்கிறது. மூன்று கடையில் விசாரித்தேன். ஒருவர், 185/60 கிடைக்காது, 185/65 போட்டால் ஒன்றும் ஆகாது என்கிறார். இன்னொருவர் 80,000 கி.மீ. உழைக்கிற டயர் தருகிறேன் என்கிறார். மூன்றாமவர் ரிம்மையே 15க்கு மாற்றி 195/50 போடச் சொல்கிறார். உங்களில் லேசான வண்டி வைத்திருப்பவர்கள் சொல்லுங்கள்.

வளைவுப் பிரியன், பெரம்பூர்

மூன்றாமவர் சொன்னதுதான் சரி. 195/50 R15 போடுங்கள். அகலம் கூடினால் ரோட்டில் உட்காரும் ரப்பர் கூடும், சைடு வால் குள்ளமானால் வளைவில் ஆடாது. ஜப்பானில் இந்த மாதிரிச் சின்ன ஸ்போர்ட்ஸ் காருக்கென்றே சாஃப்ட் டயர் செய்கிறார்கள். யாரையாவது பிடித்து வரவழையுங்கள். இவ்வளவு அருமையான வண்டிக்கு டாக்சி டயர் போடாதீர்கள்.

ஒற்றியூர் அச்சு, திருவொற்றியூர்

அம்மா, நான் 31 வருடம் டயர் கம்பெனியில் அச்சுப் பக்கம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். எங்கள் ஊருக்கும் டயருக்கும் பழைய சொந்தம். எம்.ஆர்.எஃப். 1946இல் பொம்மை பலூன் செய்யத் தொடங்கியதே இங்கே ஒரு கொட்டகையில்தான். தெருவுக்கு ஒருவர் ரப்பர் வாசனையோடு வீட்டுக்கு வந்த ஊர் இது.

உங்கள் டயர் ஏன் வழுக்கியது என்பதை முதலில் சொல்கிறேன். பச்சை டயரை அச்சில் வைத்து நீராவி கொடுத்து வேக வைப்போம். ரப்பரும் கந்தகமும் பிணைந்து இறுகும். பதம் வந்ததும் எடுத்துவிடுவோம். ஆனால் எடுத்ததோடு வேக்காடு முடிந்துவிடாது. நம்ம ஊர் வெயிலில் வருடக்கணக்கில் மெதுவாக வெந்துகொண்டேதான் இருக்கும். உள்ளே சேர்த்த எண்ணெயும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்விடும். பட்டன் உயரம் அப்படியே இருக்கும், ரப்பர் கட்டையாகிவிடும். பிடிப்பு என்பது ரோட்டில் இருக்கிற சின்னச் சின்ன மேடு பள்ளத்துக்குள் ரப்பர் வளைந்து இறங்குவதுதான். கட்டையான ரப்பர் இறங்காது, மேலேயே சறுக்கிக்கொண்டு போகும். அதிலும் எண்ணூர் ரோட்டில் லாரி டீசலும் ஆயிலும் சொட்டிக் கிடக்கும். தூறல்தான் மோசம். நல்ல மழை என்றால் கொஞ்ச நேரத்தில் கழுவி விட்டுவிடும்.

நிறுத்தி வைக்கிற வண்டிக்கு இன்னொரு கெடுதலும் உண்டு. வெடிப்பு வராமல் இருக்க ரப்பரில் ஒரு மெழுகு சேர்ப்போம். டயர் ஓடி, வளைந்து கொடுத்தால்தான் அந்த மெழுகு மேலே வந்து படியும். மாதம் 200 கி.மீ. ஓடுகிற வண்டிக்கு அது போதாது. சைடு வாலில் நகத்தை வைத்து விரித்துப் பாருங்கள், மயிர்க்கோடு மாதிரி வெடிப்பு தெரியும்.

தம்பி சொன்ன அகலக் கணக்கு கனமான வண்டிக்குப் பொருந்தும். டயர் வேலை செய்யச் சூடு ஏற வேண்டும், சூட்டைக் கொடுப்பது எடை. லேசான வண்டியின் எடையை அகல டயரில் பரப்பி விட்டால் ஒரு சதுர அங்குலத்துக்கு என்ன கிடைக்கும்? தேங்கிய தண்ணீரில் முதலில் மிதப்பதும் அதுதான். வெளிநாட்டு டயருக்கும் 2020 ஜூனிலிருந்து இறக்குமதிக் கட்டுப்பாடு இருக்கிறது, ஐ.எஸ்.ஐ. முத்திரையும் இருந்தாக வேண்டும். யாரோ பெட்டியில் கொண்டு வந்தது என்று நம்பி வாங்க வேண்டாம்.

எனக்கு இரண்டு விவரம் வேண்டும். ஒன்று, டயரில் டி.ஓ.டி. என்ற எழுத்துக்குப் பின்னால் வருகிற வரிசையில் கடைசி நான்கு எண். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருடம். வெளிப்பக்கம் இல்லையென்றால் உள்பக்கம் இருக்கும். இரண்டு, வண்டியின் எடை. முன் சக்கரம் இரண்டும் தனி, பின் சக்கரம் இரண்டும் தனி. மணலியில் எடை மேடைக்கா பஞ்சம்?

பட்டறைக்காரர் மகள்

ஐயா, ரொம்ப நன்றி. இரண்டும் பார்த்துவிட்டேன்.

எண் உள்பக்கம்தான் இருந்தது. ஜாக்கி போட்டுத் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, டார்ச்சோடு கீழே படுத்துத் துடைத்துப் பார்த்தேன். நான்கிலும் 1112. 2012ஆம் வருடம் 11ஆவது வாரம். ஆனால் அப்பாவின் ஃபைலில் இருக்கிற பில் 2015 ஆகஸ்ட். புது டயர் என்று காசு வாங்கிக்கொண்டு மூன்று வருடக் கிடப்புச் சரக்கை மாட்டி அனுப்பியிருக்கிறார்கள். அப்பா ஒரு ஷாஃப்டை நூறில் ஒரு மில்லிக்குத் திருப்பி அனுப்புகிற மனிதர். அவரை ஏமாற்றியிருக்கிறார்களே என்று வயிறு எரிந்தது. நீங்கள் சொன்ன மயிர்க்கோடும் இருக்கிறது, பின் டயர் இரண்டில் அதிகம்.

எடை மேடையில் டிரெய்லர் வரிசைக்கு நடுவில் போய் நின்றேன். மேடைக்காரர் சிரித்துக்கொண்டே காசு வேண்டாம் என்றார், நான் கொடுத்துவிட்டேன். நானும் உட்கார்ந்து, பாதி டேங்க் பெட்ரோலோடு மொத்தம் 850 கிலோ. முன்னால் 520, பின்னால் 330.

விட்டக் கணக்கும் போட்டேன். 185/60 R14 577.6 மில்லி. 175/70 R13 575.2. 195/50 R15 576. மூன்றும் கிட்டத்தட்ட ஒன்றே. ஒன்றும் ஆகாது என்று சொன்ன 185/65 R14 மட்டும் 596.1. பதினெட்டரை மில்லி கூடுதல்! ஸ்பீடாமீட்டர் நூறில் மூன்று குறைத்துக் காட்டும், ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினால் சக்கரத்துக்கு மேல் இருக்கிற பாடி வளைவில் உரசவும் செய்யும் என்று நினைக்கிறேன். அதை விட்டுவிட்டேன்.

ஒற்றியூர் அச்சு

அருமையாகச் செய்திருக்கிறீர்கள் அம்மா. இப்போது பாருங்கள். முன் டயர் ஒன்றின் மேல் 260 கிலோ, பின் டயரில் 165. சைஸுக்குப் பக்கத்தில் 82 என்று போட்டிருந்தால் அந்த டயர் 475 கிலோ தாங்கும். முன்னாலேயே பாதியைக் கொஞ்சம் தாண்டித்தான் சுமை. அதனால் கூடுதல் சுமைக்கென்று கட்டிய எக்ஸ்.எல். டயர் உங்களுக்கு வேண்டவே வேண்டாம். சைடு வால் விறைப்பாக இருக்கும், வண்டி குதிக்கும்.

80,000 கி.மீ. டயரும் வேண்டாம். மாதம் 200 என்றால் வருடத்துக்கு 2,400. நீங்கள் ஒருநாளும் தேய்த்துத் தீர்க்கப் போவதில்லை, அதற்குள் வயதாகி இறுகிவிடும். நீண்ட நாள் உழைக்க வேண்டும் என்பதற்காகவே கெட்டியாகச் செய்த ரப்பருக்கு நீங்கள் ஏன் பணம் கொடுக்க வேண்டும்? தேய்கிற டயராக வாங்குங்கள், தண்ணீரில் பிடிக்கிற டயராக வாங்குங்கள். சிலிக்கா கலந்தது கிடைத்தால் நல்லது. ஈரத்தில் பிடிப்பு அதில் கூடும்.

என் யோசனை: அந்தச் சாக்கை இறக்குங்கள். 175/70 R13. ஹூண்டாய் ஆக்சென்ட் ஓடிய சைஸ் அது, நம் கம்பெனிகள் இன்னும் செய்கின்றன. கொஞ்சம் ஒடுக்கம், சைடு வால் உயரம், மணலிப் பள்ளத்தில் ரிம் அடிபடாது. கடைக்காரர் கையால் தேதியைக் காட்டச் சொல்லிவிட்டு மாட்டுங்கள். ஆறு மாதத்துக்கு மேல் பழையது என்றால் அடுத்த கடை. நான்கும் ஒரே மாதிரியாக இருக்கட்டும்.

பங்கில் எல்லா வண்டிக்கும் காற்று 32, 33 அடிப்பார்கள். இந்த எடைக்கு அது அதிகம். குளிர்ந்த டயரில் முன்னால் 28, பின்னால் 26 வைத்து, பட்டன் மேல் குறுக்கே சாக்பீஸ் கோடு போட்டு, நேர் ரோட்டில் நூறடி ஓட்டிப் பாருங்கள். நடுவில் மட்டும் அழிந்தால் காற்று அதிகம். ஓரம் மட்டும் அழிந்தால் குறைவு.

பஞ்சர் கடை, மணலி புதுநகர்

ஐயா சொன்னதில் ஒன்று சேர்க்கிறேன் அக்கா. இரும்பு ரிம்முக்கு மாறும்போது நட்டா போல்ட்டா பாருங்கள். போல்ட் என்றால் அலாய்க்குப் போட்ட நீள போல்ட்டை இரும்பு ரிம்மில் போடாதீர்கள், உள்ளே போய் இடிக்கும். ரிம்மில் போல்ட் உட்காரும் வாயின் கோணமும் பொருந்த வேண்டும். டயர் மாட்டுவதற்கு முன் வெறும் ரிம்மைக் கோர்த்துச் சுற்றிப் பாருங்கள், பிரேக் கேலிப்பரில் படாமல் இருக்க வேண்டும். எங்கள் பக்க ரோட்டில் கன்டெய்னர் சீல் ஆணியும் கம்பித் துண்டும் நிறைய. ட்யூப்லெஸ் போடுங்கள், ரிம் விளிம்பில் துரு இருந்தால் நன்றாகத் தேய்த்து எடுத்துவிடுங்கள், இல்லையென்றால் காற்று நிற்காது.

பட்டறைக்காரர் மகள்

எல்லாம் முடிந்தது. விவரமாகச் சொல்லிவிடுகிறேன், வேறு யாருக்காவது உதவும்.

ரிம் நான்கையும் லேத்தில் கட்டி, டயல் வைத்து, கோணாமல் சுற்றுகிறதா என்று பார்த்தேன். மூன்று சரி. ஒன்றில் 1.8 மில்லி ஆட்டம், அதை ஸ்டெப்னிக்கு ஒதுக்கிவிட்டு, அதே அளவில் இன்னொரு ரிம்மைப் பழைய சாமான் கடையில் தேடிப் பிடித்தேன். துருவைத் தேய்த்து பெயின்ட் அடித்தாயிற்று. போல்ட்தான், அதே சாக்கில் ஒரு கொக்கோ டப்பாவுக்குள் குட்டை போல்ட் பதினாறும் கிரீஸ் தடவி இருந்தது. டப்பா மூடியில் அப்பா கையெழுத்தில் ‘இரும்பு ரிம்’ என்று எழுதியிருந்தது.

175/70 R13, பக்கத்தில் 82 என்று போட்டது, ஐந்து வாங்கினேன். தேதி பத்து வாரத்துக்குள். முதல் கடையில் இருந்தது ஒன்றரை வருடம், வேண்டாம் என்று வந்துவிட்டேன். பழைய டயர் ஒன்றையும் புதியது ஒன்றையும் தூக்கிக்கொண்டு ஐயா வீட்டுக்குப் போனேன். ரப்பர் எவ்வளவு கெட்டி என்று அளக்கிற டியூரோமீட்டர் அவரிடம் இருந்தது. எண் கூடினால் கெட்டி. பழையது 82, புதியது 64. ஊசி நகர்ந்ததைப் பார்த்ததும் நவம்பரில் நடந்தது முழுதாகப் புரிந்தது.

சாக்பீஸ் கணக்கு: 28இல் முன் டயர் கோடு ஒரே சீராக அழிந்தது. பின்னால் 26இல் நடுவில் மட்டும் அழிந்தது, 24இல் சீரானது. வண்டி இப்போது பள்ளத்தில் தட்டுவதில்லை, இறங்கி ஏறுகிறது. ஸ்டீயரிங் திருப்பிய உடனே முன்பு மாதிரி வெடுக்கென்று திரும்புவதில்லை, ஒரு கணம் தள்ளித்தான் திரும்புகிறது. அது எனக்குக் குறையாகத் தெரியவில்லை.

முதல் 150 கி.மீ. நிதானமாகப் போகச் சொன்னார் ஐயா, அச்சில் ஒட்டாமல் இருக்கப் பூசியது மேலே இருக்குமாம். அது முடிந்த பிறகு, நேற்றுக் காலை ஆறு மணிக்குத் தூறலில், பின்னால் யாரும் இல்லாத இடமாகப் பார்த்து, 45இல் பிரேக்கை அழுத்தினேன். நேராக நின்றது. மூன்று தடவை செய்து பார்த்துவிட்டுத்தான் எண்ணூருக்குப் போனேன்.