கிராமச் சங்கங்களுக்கு நன்கொடை நிதி: எங்கே கேட்பது, எப்படிக் கேட்பது?

படுவான்கரைச் செயலாளர்

அனைவருக்கும் வணக்கம். மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையில், மண்முனை மேற்குப் பிரதேச செயலகப் பிரிவில் இயங்கும் ஒரு மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் செயலாளராக உள்ளேன். எங்கள் உறுப்பினர்களுள் பலர் குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள். அரிசி மா, குரக்கன் மா, மிளகாய்த்தூள் ஆகியவற்றை அரைத்துப் பொதி செய்து விற்க ஒரு சிறிய ஆலையும் அதற்கொரு கட்டடமும் அமைக்க விரும்புகிறோம். வங்கிக் கணக்கும் ஒழுங்கான கூட்டறிக்கைகளும் எங்களிடம் உண்டு. ஆயினும் உறுப்பினர்களுக்கான சுழற்சிக் கடனைத் தவிரப் பெரிய தொகை எதையும் கையாண்டதில்லை. கொழும்பிலுள்ள தூதரகங்கள் இத்தகைய வேலைகளுக்கு நேரடியாக நிதி வழங்குவதாகச் சொல்கிறார்கள். எங்களைப் போன்ற சங்கம் விண்ணப்பிக்க முடியுமா? அரச சார்பற்ற நிறுவனமாகப் பதிவு செய்வது கட்டாயமா?

ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், களுவாஞ்சிகுடி

சகோதரிக்கு, தூதரகத்தைப் பற்றிப் பிறகு பார்ப்போம். உங்கள் சங்கம் மாகாணக் கிராம அபிவிருத்தித் திணைக்களத்தில் பதியப்பட்டது. 1980 ஆம் ஆண்டின் 31 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவாகும் தன்னார்வச் சமூக சேவை அமைப்பு, அதாவது நீங்கள் கேட்ட அரச சார்பற்ற நிறுவனம், அன்று. பிரதேச செயலகத்தினூடாக வரும் நிதிக்கும், பாராளுமன்ற உறுப்பினர்கள் தம் பகுதி வேலைகளுக்கு ஒதுக்கும் பன்முகப்படுத்தப்பட்ட நிதிக்கும், மாகாணத் திணைக்களத்தின் உதவிக்கும் இப்பதிவே போதுமானது. அந்தப் பணம் டிசம்பர் 31க்குள் செலவாகாவிட்டால் திறைசேரிக்குத் திரும்பிவிடும் என்பதால், ஆண்டின் தொடக்கத்திலேயே கோரிக்கையைக் கொடுத்து, கிராம அபிவிருத்தி உத்தியோகத்தரின் பரிந்துரையையும் தொழில்நுட்ப உத்தியோகத்தரின் மதிப்பீட்டையும் கையில் வைத்திருங்கள். ஒக்டோபரில் போய்க் கேட்பவர்களுக்கு நாங்கள் தேநீர் கொடுத்து அனுப்பியதுதான் வழக்கம்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கிராமத்து வீதி, மதகு, வடிகான் போன்ற சிறு வேலைகளைக் கேள்விப்பத்திரம் இன்றிக் கிராமச் சங்கங்களுக்கே சமுதாய ஒப்பந்தமாக வழங்கும் ஏற்பாடு அரச கொள்முதல் வழிகாட்டியில் உண்டு. அவ்வாறு ஒரு வேலையை எடுத்து, பற்றுச்சீட்டுகளுடன் கணக்கை முடித்துக் காட்டிய சங்கத்தை எந்த நன்கொடையாளரும் வேறு கண்ணோடு பார்ப்பார். "பெரிய தொகை கையாண்டதில்லை" என்ற உங்கள் குறைக்கு இதைவிட நேரான மருந்து எனக்குத் தெரியவில்லை.

தம்பிலுவில் வாசகர்

தூதரகங்கள் வழங்குவது உண்மைதான். ஜப்பான் தூதரகத்தின் அடிமட்ட மனிதப் பாதுகாப்புக் கருத்திட்ட நன்கொடை அவற்றுள் ஒன்று. வடக்கு கிழக்கில் கண்ணிவெடி அகற்றல் முதற்கொண்டு பல வேலைகளுக்கு அது பயன்பட்டிருக்கிறது. ஆனால் கட்டடத்துக்கும் உபகரணத்துக்கும் கொடுப்பார்களே தவிர, சம்பளத்துக்கும் மின் பட்டியலுக்கும் கொடுக்கமாட்டார்கள். கடந்த ஆண்டுகளின் நிதிக்கூற்றுகளையும் ஒவ்வொரு பொருளுக்கும் வெவ்வேறு வழங்குநர்களின் விலைக்கூறல்களையும் கேட்பார்கள். தனியே நிற்கும் ஒரு கிராமச் சங்கத்துக்கு இது பாரம். அனுபவமுள்ள, பதிவு பெற்ற அமைப்பொன்று விண்ணப்பதாரராகவும் நீங்கள் பயனாளிச் சங்கமாகவும் இணைவது நடைமுறைக்கு ஏற்றது. அப்படி இணையும்போது, ஆலை யாருடைய சொத்தாகும் என்பதை எழுத்தில் வாங்கிவிடுங்கள்.

சுற்றாடல் வேலைகளுக்கு நிதி வழங்கும் சர்வதேச அமைப்பான பூகோளச் சுற்றாடல் வசதியத்தின் (GEF) சிறு நன்கொடைத் திட்டமும் இலங்கையில் உண்டு. ஐக்கிய நாடுகள் அபிவிருத்தித் திட்டம் நடத்தும் அது, சமுதாய அமைப்புகளுக்காகவே ஏற்பட்டது. சங்கத்தின் உழைப்பையும் இடத்தையும் பங்களிப்பாகக் கணக்கிட இடமளிப்பது அதன் நல்ல அம்சம். ஆகவே சிரமதான நாட்களுக்கும் வரவுப் பதிவேடு வைத்திருங்கள். எனினும் வாவிக்கரையில் கண்டல் நடுகிற சங்கத்துக்குப் பொருந்துவது மா ஆலைக்குப் பொருந்தாது. ஆலைக்குச் சூரிய மின்கலம் பூட்டப்போகிறோம் என்று ஒரு வரியைச் சேர்த்துவிட்டுச் சுற்றாடல் திட்டம் என்று அனுப்புவது வாசிப்பவரை ஏமாற்றாது.

படுவான்கரைச் செயலாளர்

இருவருக்கும் நன்றி. கட்டடத்துக்கு உத்தேசித்த இடம் அரச காணி. ஒரு உறுப்பினரின் குடும்பத்துக்கு அனுமதிப்பத்திரம் உள்ளது. அவர்கள் மனமுவந்து தருகிறார்கள். இது போதுமா?

ஓய்வுபெற்ற உத்தியோகத்தர், களுவாஞ்சிகுடி

போதாது. அனுமதிப்பத்திரக் காணியை வாய்ச்சொல்லால் சங்கத்துக்குக் கொடுக்க முடியாது. நாளை அந்தக் குடும்பத்தின் பிள்ளைகளுக்கு வேறு எண்ணம் வந்தால் கட்டடம் யாருடையது? காணி உரிமையைக் காட்டும் கடிதத்தையே நன்கொடையாளரும் முதலில் தேடுவார். பொதுத் தேவைக்கென ஒரு துண்டு அரச காணியை ஒதுக்கித் தருமாறு பிரதேச செயலாளருக்குப் பொதுச்சபைத் தீர்மானத்துடன் எழுதுங்கள். அது தாமதமாகும் என்பதால், பல்தேவைக் கட்டடத்தில் பயன்படாத அறை ஏதும் இருந்தால் அதைக் கேட்டு, இயந்திரத்துக்கு மட்டும் விண்ணப்பிக்கவும் யோசியுங்கள். தொகை குறையும், நிதி கிடைக்கும் வாய்ப்பும் கூடும். பிரதேச சபையின் அனுமதி, பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் கருத்து, இயந்திரத்துக்கு வேண்டிய மின்னிணைப்பின் மதிப்பீடு ஆகியவற்றையும் இப்போதே கேட்டு வையுங்கள்.

தம்பிலுவில் வாசகர்

கட்டடமே வேண்டும் என்று முடிவு செய்தால், வேலைத் திட்ட அட்டவணையில் நவம்பர் முதல் ஜனவரி வரை அத்திவார வேலை எதையும் போடாதீர்கள். கொழும்பில் இருந்து வாசிப்பவருக்குப் படுவான்கரை வெள்ளம் தெரியாமல் இருக்கலாம். தவணை தப்பினால் அடுத்த பகுதிப் பணம் தடைப்படுவது உங்களுக்குத்தான்.