மூன்று மாத சர்க்கரை 6.1, வெறும் வயிற்றில் 92: எதை நம்புவது?

குடியாத்தத்துக்காரன்:
அனைவருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வயது 46. இரண்டு மாதங்களாக மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குகிறது என்று சொன்னதால், இங்குள்ள ஒரு லேப்பில் முழு உடல் பரிசோதனை செய்தோம். ரிப்போர்ட்டில் தடித்த எழுத்தில் வந்தவை இவை: ஹீமோகுளோபின் 8.9, சிவப்பணுவின் சராசரி அளவான எம்.சி.வி. 68, அணுக்களின் அளவு ஒன்றுக்கொன்று எவ்வளவு மாறுபடுகிறது என்று காட்டும் ஆர்.டி.டபிள்யூ. 18.5, பிளேட்லெட் 4,62,000, மூன்று மாத சர்க்கரையான எச்பிஏ1சி 6.1. சிவப்பணு எண்ணிக்கை 4.1 என்றும், வெறும் வயிற்றில் சர்க்கரை இயல்பு அளவிலேயே 92 என்றும் உள்ளது. 6.1 என்பதைப் பார்த்ததிலிருந்து அம்மா சோற்றைத் தொடுவதில்லை. இரண்டு வேளையும் கேழ்வரகுக் கூழ்தான். சர்க்கரை மாத்திரையை இப்போதே தொடங்கிவிடலாம் என்கிறார் சித்தி. இரண்டு சர்க்கரை அளவுகளும் ஒன்றுக்கொன்று முரணாக இருக்கின்றனவே, எதை நம்புவது?

காட்பாடி லேப்காரர்:
தம்பி, நான் மருத்துவர் அல்லன். இருபது ஆண்டுகளாக ரத்தம் எடுத்து மெஷினில் வைப்பவன். எச்பிஏ1சி 5.7க்குக் கீழே இருந்தால் இயல்பு, 5.7 முதல் 6.4 வரை சர்க்கரை நோய்க்கு முந்தைய நிலை, 6.5 முதல் சர்க்கரை நோய் என்பது பொதுக் கணக்கு. ஆனால் அந்தப் பரிசோதனை அளப்பது, சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் எவ்வளவு சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதைத்தான். சிவப்பணு ஏறக்குறைய 120 நாள் வாழ்கிறது. இரும்புச்சத்துக் குறைந்து புதிய அணுக்களின் வரத்து மந்தமாகும்போது, ரத்தத்தில் சுற்றும் அணுக்களின் சராசரி வயது கூடிவிடுவதால், சர்க்கரை நோய் இல்லாதவருக்கும் இந்த எண் சற்று உயர்ந்து காட்டலாம். ஹீமோகுளோபின் 8.9 உள்ளவரின் 6.1ஐத் தனியாக எடுத்து முடிவு செய்யக் கூடாது.

அந்த 92ஐயும் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். சர்க்கரைக்கான ரத்தம் சாம்பல் நிற மூடி போட்ட ஃபுளோரைடு டியூபில் எடுக்கப்பட்டதா? வெறும் டியூபில் எடுத்துப் பிரிக்காமல் வைத்தால், ரத்த அணுக்களே சர்க்கரையைத் தின்று, மணிக்கு 5 முதல் 7 சதவீதம் வரை குறைத்துவிடும். நம் வேலூர் வெயிலில் சாம்பிளைப் பையில் போட்டு இரு சக்கர வண்டியில் கொண்டுபோனால் இன்னும் வேகமாகக் குறையும். ஆகவே ஒரு எண் பொய்யாக ஏறியும், மற்றொன்று பொய்யாக இறங்கியும் இருக்க வாய்ப்புண்டு.

ஓய்வு பெற்ற மருத்துவர், வேலூர்:
மேலே சொன்னது சரி. என் கவலை சர்க்கரை பற்றியது அன்று, 8.9 பற்றியது. கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12க்குக் கீழே இருந்தாலே ரத்தசோகை. எம்.சி.வி. 80க்குக் கீழே என்றால் அணுக்கள் சிறுத்துவிட்டன என்று பொருள். இதற்கு நம் நாட்டில் முக்கியக் காரணங்கள் இரண்டு: இரும்புச்சத்துக் குறைவு, ஹீமோகுளோபின் சரியாக உருவாகாத, பரம்பரையாக வரும் தலசீமியா தன்மை. எம்.சி.வி.யைச் சிவப்பணு எண்ணிக்கையால் வகுத்துப் பாருங்கள்; 68ஐ 4.1ஆல் வகுத்தால் 16.6 வருகிறது. 13க்கு மேல் வந்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு, கீழே வந்தால் தலசீமியா தன்மை என்பது பழைய கைக்கணக்கு. அது சில நேரம் பொய்க்கும், ஆனால் உயர்ந்த ஆர்.டி.டபிள்யூ.வும் இங்கே அதே பக்கம்தான் கைகாட்டுகிறது. பிளேட்லெட் சற்று ஏறியிருப்பதும் இரும்புக் குறைவில் நாங்கள் வழக்கமாகக் காண்பதே. உடலில் இரும்பின் சேமிப்பு எவ்வளவு என்று காட்டும் ஃபெரிட்டின் பரிசோதனை செய்துவிட்டு, ரத்தம் எங்கே போகிறது என்று தேடுங்கள்: மாதவிடாய் அதிகமா, மூலமா, வயிற்றுப் புண்ணா? வெறும் சத்து மாத்திரையோடு இதை விட்டுவிடக் கூடாது. சர்க்கரை மாத்திரைக்கு இப்போது இடமே இல்லை.

ஆற்காட்டு வாசகி:
ஒரு சிறு எச்சரிக்கை. காய்ச்சலோ தொற்றோ இருக்கும்போது ஃபெரிட்டின் எடுக்காதீர்கள். எனக்குக் காய்ச்சல் விட்ட மறுநாள் எடுத்தபோது 60 என்று வந்தது. ரிப்போர்ட்டில் எந்தக் குறியும் இல்லாததால் நானும் நிம்மதியாக இருந்துவிட்டேன். அழற்சியில் அது தானாக ஏறும் என்று சொல்லி மருத்துவர் ஆறு வாரம் கழித்து மறுபடி எடுக்கச் சொன்னபோது 9 தான் இருந்தது. அம்மா சாப்பிட்ட கையோடு டீ குடிப்பவராக இருந்தால், அதை ஒரு மணி நேரமாவது தள்ளிப்போடச் சொல்லுங்கள். இரும்பு உடலில் சேராமல் டீ தடுக்கும்.

குடியாத்தத்துக்காரன்:
எல்லோருக்கும் நன்றி. லேப்பில் கேட்டபோது சாம்பல் மூடி டியூப்தான் என்று எடுத்தே காட்டினார்கள். ஃபெரிட்டின் 6 வந்துள்ளது. மருத்துவர் தனியாக விசாரித்த பிறகுதான், ஒரு வருடமாக மாதவிடாய் எட்டு, ஒன்பது நாள் நீள்வதை அம்மா சொன்னார். வயதானால் அப்படித்தான் என்று எங்கள் யாரிடமும் சொல்லாமல் இருந்திருக்கிறார். ஸ்கேனுக்கு எழுதிக் கொடுத்து, இரும்பு மாத்திரையும் தொடங்கியாயிற்று. எச்பிஏ1சியை அடுத்த மாதமே மறுபடி எடுக்கலாமா?

காட்பாடி லேப்காரர்:
வேண்டாம். மாத்திரை வேலை செய்யத் தொடங்கியதும் இளம் அணுக்கள் ஏராளமாக வரும். அப்போது இந்த எண் உண்மைக்குக் கீழே இறங்கிக் காட்டும். ஹீமோகுளோபின் சீராகி மூன்று மாதம் ஆன பிறகு எடுங்கள். அதுவரை சர்க்கரையை அறிய, வெறும் வயிற்றிலும் சாப்பிட்டு இரண்டு மணி நேரத்திலும் எடுக்கும் சாதாரணப் பரிசோதனையே போதும்.