வளரும் புறநகரில் வீடு வாங்கலாமா? அங்கே இருப்பவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம் நண்பர்களே. வேகமாக வளர்ந்துவரும் ஒரு புறநகரில் வீடு வாங்கலாமா என்று 2 மாதமாகக் குழம்பிக்கொண்டிருக்கிறோம். அதே காசுக்கு அங்கே ஒரு அறை கூடுதலாகக் கிடைக்கிறது, பிள்ளைகள் ஓடியாட இடமும் இருக்கிறது.

ஆனால் மழை விட்ட மறுநாள் போய்ப் பார்த்தோம். தெருமுனையில் கணுக்கால் அளவுக்குத் தண்ணீர் அப்படியே நின்றது. மண் தரையெல்லாம் சிமென்ட் ஆகிவிட்டால் மழைநீர் இறங்க வழியேது? அடுக்குமாடிகள் முதலில் வந்துவிடுகின்றன, வடிகாலும் பேருந்தும் பின்னால்தான் வருகின்றன.

எனக்குப் பெரிய பயம் பயண நேரம்தான். இன்று 40 நிமிடம், இன்னும் ஆயிரம் குடும்பம் குடியேறினால்?

இப்படிப்பட்ட இடத்தில் ஐந்தாறு வருடம் இருந்தவர்கள் சொல்லுங்கள்: கோடையில் போர்வெல் தாங்குகிறதா? ராத்திரி அவசரத்துக்கு மருத்துவமனை பக்கத்தில் இருக்கிறதா? அட்வான்ஸ் கொடுக்குமுன் தெரிந்தால் பெரிய உதவியாக இருக்கும்.